இடையே என்றொரு ஊர்

ஒரு காட்டில், கடலை ஒட்டிய பக்கத்தில், வானிலை சொல்லும் நரி ஒன்று இருந்தது. கையில் செல்போன், கழுத்தில் மைக். அது வானத்தை அண்ணாந்து பார்த்து யாரும் கண்டதில்லை. ஆனாலும் புயல் என்றால் காடே அதன் வாயைத்தான் பார்க்கும்.

ஐப்பசியில் ஒரு புயல் கிளம்பியது. "ஆலமேட்டுக்கும் நண்டுத்துறைக்கும் இடையே நாளை மாலை கரையைக் கடக்கக்கூடும். கடக்காமலும் போகக்கூடும்," என்றது நரி.

அதிகாரி யானை உடனே உத்தரவு போட்டது. ஆலமேட்டு மான்களும் நண்டுத்துறைக் கீரிகளும் யானை முதுகில் ஆற்றைத் தாண்டி மேட்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆளுக்கொரு கிழங்குப் பொட்டலமும் கிடைத்தது.

இந்த இரண்டு ஊருக்கும் நட்டநடுவே தாழங்குழி. அங்கே செவந்தி என்ற முயல், கண் திறக்காத நாலு குட்டிகளோடு வளையில் இருந்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆற்று வெள்ளத்தில் நீந்த முடியாது. பதறிப்போய் யானையிடம் ஓடியது.

"ஐயா, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க. புயல் நேரா எங்க தலையிலதான் இறங்கப்போகுது."

யானை பட்டியலைப் புரட்டியது. "ஆலமேடு இருக்கு, நண்டுத்துறை இருக்கு. தாழங்குழின்னு எதுவும் இல்லையேம்மா."

"இடையேன்னு நரியார் சொன்னாரே, அது எங்க ஊருதான் ஐயா!"

"இடையேன்னும் போட்டிருக்கு. அந்த ஊர் எங்க இருக்குன்னுதான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கோம்."

யானைக்கு அவ்வளவு பெரிய தலை எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செவந்திக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. திரும்பி ஓடி, ஊர்ப்பலகையில் இருந்த 'தாழங்குழி'யைக் கரியால் அடித்துவிட்டு, 'இடையே' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தது.

அரை மணியில் யானை வந்து நின்றது. "இங்கதான் இருக்கா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அதட்டிவிட்டு, குட்டிகளைத் துதிக்கையால் அள்ளி முதுகில் வைத்துக்கொண்டது.

மறுநாள் மாலை புயல் அங்கேயேதான் கரையைக் கடந்தது. வளை இருந்த இடத்தில் கடல் நின்றது. குட்டிகள் மேட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் பாராட்டு விழா. செவந்திக்கு என்று நினைத்தால் நீங்கள் இந்தக் காட்டுக்குப் புதிது. "இடையேன்னு ஊர்ப் பேரோட அடிச்சுச் சொன்ன மேதை!" என்று யானை மாலை போட்டது நரிக்கு. செவந்தியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்கப் பலகையில் கிறுக்கியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள்.

நீதி: புயல் எந்த ஊருக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருக்காதே; அறிக்கையில் எந்த ஊர் இருக்கிறதோ, அந்த ஊர்க்காரனாகிவிடு.