வேலிக்கு அப்புறம் போன முக்கால் செண்ட்

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது மேலே எத்தனை கைமரம் என்று எண்ணியிருக்கிறேன் (முப்பத்தாறு, மூன்றில் கறையான்). முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது இயற்கை என்பது என் கட்சி. வியாதி என்பது என் மனைவி கிரேஸின் கட்சி.

ஆறு வருடத்துக்கு முன், தீர்வை ரசீதைப் பட்டாவோடு சேர்த்து வைக்கும்போது ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பட்டாவில் பன்னிரண்டரை செண்ட். அவ்வளவும் என் வேலிக்குள் இருக்கிறதா? வராந்தாவில் டேப் வைத்து நடந்து பார்த்ததில், நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டும் சரியாக இரண்டடி. அந்தக் கணக்கோடு இறங்கி வேலியைச் சுற்றி நடந்தேன். பதினொன்றே முக்கால் வந்தது. மறுபடி நடந்தேன். அதே பதினொன்றே முக்கால்.

கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தங்கப்பனின் வாழைவிளை. அவன் தலையை நீட்டினான்.

“சாரே, சுகருக்கு நடக்கியளா?”

“ஆமா” என்றேன். (எனக்குச் சுகர் கிடையாது.)

கிரேஸிடம் சொன்னேன். “தங்கப்பனா? வாழக்கொல வெட்டுனா மொதச் சீப்பு நமக்குத் தாற ஆளுல்லா அவன்? முக்கால் செண்டு போனா போட்டு” என்றாள்.

போகட்டும் என்று விட முடியுமா? வருடாவருடம் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தேன். “பன்னிரண்டரை செண்டுக்குத் தீர்வை செலுத்துகிறேன்; பதினொன்றே முக்கால் செண்டை அனுபவிக்கிறேன். நிலத்தை மீட்டுத் தர வேண்டும், அல்லது தீர்வையைக் குறைக்க வேண்டும்.” அந்த வாக்கியத்தில் எனக்கு அப்போது பெரிய கர்வம்.

தங்கப்பனுக்கு நோட்டீஸ் போயிற்று. வாழைச் சீப்பு நின்றது. கிரேஸ் என்னோடு பதினொரு நாள் பேசவில்லை.

அளக்கும் நாள் வந்தது. சர்வேயர், தலையாரி, தங்கப்பன், வேடிக்கை பார்க்கப் பதினேழு பேர். சர்வேயர் புலப்படத்தை விரித்து, டேப்பைப் பிடித்து, கடைசியில் ஓரிடத்தில் தோண்டச் சொன்னார். எல்லைக்கல் தெரிந்தது. அது தங்கப்பன் விளையில் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம், என் குளிமுறிச் சுவரின் அடியில் இருந்தது.

“சார், உங்க கைவசம் பதிமூணேகால் செண்டு இருக்கு. கூடுதல் முக்கால் தங்கப்பனுக்குள்ளது. நீங்க எத வச்சு அளந்திய?”

“கால வச்சு.”

பதினேழு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரேஸுக்கு முட்டு ஆபரேஷன் ஆனபின், அவள் படியேறாமல் போய்க் குளித்துவரக் கட்டிய குளிமுறி அது. தங்கப்பன் இடிக்கச் சொன்னால் இடிக்க வேண்டியதுதான். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று அவனையே பார்த்தாள்.

தங்கப்பன் குளிமுறியைச் சுற்றி வந்தான்.

“சாரே, அந்த மனுவ இனி நானில்லா எழுதணும்? தீர்வை கெட்டுதது நான், அனுபவிக்கது நீங்க.”

நான் குனிந்து எல்லைக்கல்லைப் பார்த்தேன்.

“கெடக்கட்டு. அக்காளுக்குக் காலு முடியாத நேரத்துல, இத இடிச்சு நான் எத்தற வாழை வைக்கப் போறேன்? தீர்வைய நான் கெட்டுதேன். நீங்க குளியுங்க.”

“எழுத்துமூலம் ஒரு சம்மதம்…” என்று இழுத்தேன். (அப்போதும் திருந்தவில்லை.)

“நீங்க எழுதுனது போரும் சாரே.”

அன்று சாயங்காலம் டேப்பை மறுபடி எடுத்தேன். நிம்மதியாக நடந்தால் என் எட்டு இரண்டடி. சந்தேகப்பட்டு நடந்தால் ஒன்றரை அங்குலம் கூடுகிறது; எட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது, கணக்கில் நிலமும் குறைகிறது.

மறுவாரம் வாழைச் சீப்பு வந்தது. நான் எண்ணவில்லை. கிரேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஸ்கட்டிலிருந்து மகள் காலையில் போன் செய்வாள். நான் குளித்துக்கொண்டிருந்தால் கிரேஸ் சொல்வது எனக்கு உள்ளே கேட்கும்:

“அப்பா வீட்டுல இல்ல மக்கா. தங்கப்பனுக்க விளையில நிக்காவ.”