திரும்பிப் பார்க்காமல் நடந்தவன் எழுதுவது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், சாப்பாடு நீங்கலாக. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். அங்கே வந்திருக்கும் என் மனைவியும் நலமா என்று ஒரு வரி எழுதவும். நாலு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவள் இரண்டு வாரமாகியும் வரவில்லை, என் போனையும் எடுப்பதில்லை. உங்களைக் கேட்டால், "என்ன பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். தெரியும் மச்சான். எல்லாம் அந்த ஹாலிவுட் படங்களால் வந்த வினை.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். பாதி வசனம் புரியாது, அதனால் முகங்களையே உற்றுப் பார்ப்பேன். அந்த ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை, போனில் பேசி முடித்தால் "வச்சிடட்டுமா" என்று கேட்பதில்லை, நெஞ்சே வெடித்தாலும் ஒரு புருவம்தான் அசையும். பார்த்துப் பார்த்து நானும் அப்படியே ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் மூக்குக்கண்ணாடிக் கடையில், வாயோரம் பென்சிலும் இடுக்கிய ஒற்றைக் கண்ணுமாகக் கதவில் சாய்ந்து நின்றால், கண் பரிசோதிக்க வந்த அம்மா, "முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க தம்பி" என்கிறார். உங்கள் தங்கை மட்டும் கேலி செய்ததில்லை. என் தொப்பியைத் துவைத்துப் போட்டாள், அவ்வளவுதான். சுருங்கிப்போய் இப்போது உச்சந்தலையில் மட்டும் உட்காருகிறது.

அன்று அவளை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு மழையே இல்லாமல் மழைக்கோட்டுடன் போனேன். டிக்கெட் எடுத்தது, பெட்டி தூக்கியது, ஜன்னலோரம் இடம் பிடித்தது எல்லாம் நான்தான், அதுவரை ஒழுங்கான கணவன். வண்டி நகர்ந்ததும் அவள் வாசலுக்கு ஓடி வந்து கையை நீட்டினாள், கண் கலங்கியிருந்தது, என்னவோ சொன்னாள், சத்தத்தில் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை மச்சான். வேறு எவனாவது என்றால் கூடவே ஓடியிருப்பான். நான் தொப்பியைத் தொட்டு, பாதிச் சிரிப்பு சிரித்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்தவர், "சார், அந்தம்மா உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றார். இவருக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். அழுகை முட்டியது, ஆனாலும் நடை பிரமாதமாக அமைந்தது.

அவள் கோபம் நியாயம். அவ்வளவு அன்பைக் காட்டியவளிடம் கல் மாதிரி நடந்துகொண்டால் மனசு ஆறுமா? உள்ளுக்குள் தேம்பினேன் என்று எடுத்துச் சொல்லுங்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. முதல் காட்சியிலேயே "இவன்தான் கொலைகாரன்" என்று சொல்லிக் கெடுக்க ஆளில்லாமல் படமும் ருசிக்கவில்லை. பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
கல்நெஞ்சம் இல்லாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: தபால்தலை வாங்கக் கிளம்பி, சில்லறைக்காக மழைக்கோட்டுப் பையில் கைவிட்டேன். அவளுடைய டிக்கெட் இருக்கிறது. இதற்குத்தான் கையை நீட்டியிருக்கிறாள். மேலே எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம், முக்கியமாக அன்பு பற்றிய பகுதியை. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். ஸ்டேஷனுக்கு மட்டும் அவளை அழைத்து வராதீர்கள். அவள் சொல்வது இந்த முறை எனக்கு நன்றாகவே கேட்கும், ஊருக்கும் கேட்க வேண்டாம்.