ஹைபிரிட் மட்டையும் நூறு காலடியும்

சனிக்கிழமை காலை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. புதிதாக வாங்கிய கோல்ஃப் மட்டையால் பத்துப் பந்து அடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

புதிது என்றால் எனக்குப் புதிது. கொழும்பில் யாரோ ஒருவர் கையில் ஏற்கெனவே பாடுபட்ட மட்டை. இணையத்தில் மலிவாகப் போட்டிருந்தார். இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது.

இணுவில் கிராமத்தில் இருந்துகொண்டு உனக்கு எதற்கு கோல்ஃப் என்று கேட்பீர்கள். நியாயம். வெளிநாட்டில் நான் வேலை செய்த கந்தோரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் எல்லாரும் மட்டைப் பையோடு கிளம்பிவிடுவார்கள். நான் இருந்து ஃபோன் எடுப்பேன். "அவர் முக்கியமான கூட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தேன். பதினெட்டு வருஷம்!

நாற்பத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பிய பிறகு நானும் ஒரு பந்தை அடித்துப் பார்ப்போமே என்று நினைத்தது பெரிய குற்றமா?

பழகாத ஆளுக்கு நீளமான இரும்பு மட்டை சரிவராதாம். கட்டைத் தலை வைத்த பெரிய மட்டை புல்லுக்குள் கிடக்கும் பந்தைக் கிளப்பாதாம். இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைதான் ஹைபிரிட். விற்றவர் ஃபோனில் விளங்கப்படுத்தினார்.

"மிஸ், ஆரம்பத்திலை பழகிறவைக்கு இதுதான் நல்லது. நீங்கள் பிழையா அடிச்சாலும் மட்டை பொறுத்துக்கொள்ளும்."

என் பிழையைப் பொறுக்கும் எதையும் நான் அதுவரை கண்டதில்லை. உடனே வாங்கிவிட்டேன்.

"ஆனா ஒண்டு மிஸ். பந்து எவ்வளவு தூரம் போகுதெண்டு அளந்து வைச்சிருங்கோ. அது தெரியாமல் விளையாடேலாது."

நாசம் அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் சீதனக் காணி. ஒழுங்கை போல ஒடுங்கி நீண்டு கிடக்கும். வெங்காயம் கிண்டி முடிந்து வெறுந்தரையாக இருந்தது. கிழக்குப் பக்கம் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்ட வேலி. அதற்கு அந்தப் பக்கம் பரமேஸ்வரி அக்கா வீடு. இந்தப் பக்கம், வேலியை உரசிக்கொண்டு, எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம்.

நான் ஏன் திரும்பி வந்தேன் என்று கேட்பவர்களிடம் மண், மொழி, வேர் என்றெல்லாம் சொல்வேன். பொய். அந்த மரத்துக்காகத்தான் வந்தேன். குளிர்தேசத்தில் மாம்பழம் என்று விற்கும் சவர்க்காரக் கட்டியைத் தின்றவர்களுக்கு இது விளங்கும். காய்க்கிற காலத்தில் ஒரு பை நிறைய அக்கா வீட்டுக்கும் அனுப்புவேன். அனுப்பும்போது எனக்குள் வெள்ளைக்காரன் காலத்து உடையார் ஒருவர் எழும்பி நின்று மீசையைத் தடவுவார்.

இரண்டு வீட்டுக்கும் நல்ல உறவு. காரணம், இதுவரை யாரும் எதையும் அளக்கவில்லை.

நான் அளந்தேன்.

நாலு கம்பு வெட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசி, இருபத்தைந்து காலடிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டு போனேன். கோடு நேராக இருக்கட்டும் என்று வேலியோரமாகவே நடந்தேன். எண்ணிக்கை பிசகாமல் இருக்கட்டும் என்று சத்தமாகவே எண்ணினேன். நூறாவது காலடி மாமரத்தடியில் முடிந்தது. அங்கே கடைசிக் கட்டையை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"தங்கச்சி, உதென்ன செய்யிறீர்?"

"தூரம் அளக்கிறன் அக்கா."

"எதின்ரை தூரம்?"

"பந்து போற தூரம்."

"பந்து எங்கை போனது?"

"இன்னும் போகேல்லை. இனித்தான்."

"போகாத பந்துக்கு ஏனப்பா இப்பவே அளக்கிறீர்?"

"இருங்கோ, அடிச்சுக் காட்டுறன்" என்று வீட்டுப் பக்கம் ஓடி, பந்தை வைத்து, மட்டையை ஓங்கினேன்.

முதல் அடி காற்றுக்கு. இரண்டாவது மண்ணுக்கு, ஒரு பாத்தி வெங்காயம் நடலாம் போலப் பள்ளம். மூன்றாவது அடி பந்தில் பட்டது! பந்து எழும்பியது, யோசித்தது, விழுந்தது. எட்டுக் காலடி.

அக்கா பந்தைப் பார்த்தார். தூரத்தில் நின்ற நூறாவது காலடிக் கட்டையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எட்டடி போற பந்துக்கு நூறடியிலை கட்டை. எனக்கு விளங்குது தங்கச்சி."

அவருக்கு என்ன விளங்கியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பத்து நிமிஷத்தில் விளங்கியது. வேலிக்கு மேலால் இந்த முறை வந்தது ஒரு ஃபோன். அதற்குள் அக்காவின் தமையன் சிவநேசன் அண்ணை, நோர்வேயிலிருந்து. அவர் கடைசியாக ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அக்காவின் பேரப்பிள்ளைகளின் பெயர் கேட்டால் தடுமாறுவார். காணியின் அகலம் கேட்டால் அங்குலக் கணக்கில் சொல்வார்.

"தங்கச்சி, மாமரத்தடியிலை எல்லைக்கட்டை நட்டிருக்கிறீராம். அடுத்தது வேலியைத் தள்ளுறதோ?"

"ஐயோ அண்ணை, இது விளையாட்டுக்கு!"

"கையிலை என்ன?"

"கோல்ஃப் மட்டை. ஹைபிரிட்."

"ஹைபிரிட் மிளகாய் கேள்விப்பட்டிருக்கிறன். கிட்டப் பிடியும் பாப்பம்."

பிடித்தேன். மடைச்சி, பிடித்தேன்! மட்டையின் அடியில் 22 என்று பொறித்து, மேலே பாகைக்குரிய சின்ன வட்டமும் போட்டிருந்தது. மட்டையின் முகம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதற்கான குறி அது.

"பாகை போட்டிருக்கு!" நோர்வே அலறியது. "பரமேஸ், உது விளையாட்டுச் சாமான் இல்லை. அளவைக் கருவி! லேசர் கீசர் பூட்டியிருக்கோ எண்டு பார்!"

"அண்ணை, அது பந்து எழும்புற கோணம்..."

"கோணத்தை எனக்குப் படிப்பிக்காதையும். நான் கணக்கு ரியூசன் குடுத்தனான்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மட்டையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்?

"சந்தேகமெண்டா அளந்து பாருங்கோவன்! எங்களிட்டைக் காணி உறுதிப் பத்திரம் இருக்கு!"

மானிப்பாயில் ஒரு குழாய் வேலைக்காரரைப் பிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. பண்டத்தரிப்பிலிருந்து அக்காவுக்குத் தெரிந்த, காணி அளக்கிற சேவையர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்க எடுத்தது ஒன்றரை மணித்தியாலம்.

அமைதியான மனுசன். முதலில் மட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அளவைக் கருவி இல்லை. பந்தடிக்கிற மட்டைதான்."

"கேட்டியளோ அக்கா? கேட்டியளோ அண்ணை?" வேலிக்கு மேலால் இன்னும் எட்டிப்பார்த்த ஃபோனுக்கும் கேட்க, நான் கிட்டத்தட்ட ஆடினேன்.

"வந்ததுதான் வந்தனான், காணியையும் ஒருக்கா அளந்திட்டுப் போறன்" என்றார் சேவையர்.

உள்ளே ஓடிப்போய் அம்மாவின் உறுதியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். நீங்களே வாசியுங்கோ அம்மா."

பழைய ஆங்கிலம். யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம்? கந்தோர்க் குரலை எடுத்தேன். முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன். பிறகு அக்காவுக்கும் நோர்வேக்கும் விளங்கட்டும் என்று நல்ல தமிழில்: "கிழக்கு எல்லையானது, மாமரத்தின் மேற்குப் புறத்தை ஒட்டிச் செல்லும் நேர்கோடு ஆகும்."

மொழிபெயர்ப்பு எனக்கே பிடித்துவிட்டது. இன்னொரு தரம் வாசித்தேன்.

அக்கா வேலிக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

"மேற்குப் பக்கம் எது, அம்மா?" என்று சேவையர் மெதுவாகக் கேட்டார்.

கையைக் காட்டினேன். கை காட்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். மரம் எனக்குக் கிழக்கே நின்றது.

"அப்ப மரம் ஆற்றை? எங்கடைதானே?" என்று ஃபோன் கேட்டது.

இரண்டு மொழி படித்தவள் இரண்டு மொழியிலும் இன்னொரு தரம் வாய்க்குள் வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் மரம் அக்காவுடையதுதான்.

அப்பா வருஷா வருஷம் தானே நின்று வேலி அடைப்பார். ஒவ்வொரு முறையும் கதியால்கள் அரைச் சாண் நடந்திருக்க வேண்டும். நடந்து நடந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. போன மாதம்தான் நான் இதே பத்திரிகைப் பக்கத்தில் 'அடுத்தவன் காணியில் கண் வைக்கும் எங்கள் சமூகம்' என்று எழுதினேன். நீங்களும் கைதட்டினீர்கள். மன்னியுங்கள்.

சேவையர் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தார். எல்லைக் கோடு என் நூறாவது காலடிக் கட்டையைத் தொட்டுக்கொண்டு போனது.

"நல்ல கணக்கா நட்டிருக்கிறியள். உதை அப்பிடியே விடுவம்."

எங்கள் மரத்தைப் பிரிக்கும் எல்லைக்கட்டையை நானே வெட்டி, நானே வெள்ளையடித்து, நானே இறுக்கி அடித்திருக்கிறேன். அதுவும் பக்கத்து வீட்டாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு!

நோர்வே வெற்றிப் பேச்சைத் தொடங்கியது. அக்கா ஃபோனை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மனம் நோகாதையும் தங்கச்சி. காய்க்கிற நேரம் உமக்கும் ஒரு பை அனுப்புவன். பாவம், உமக்கு இனி மரம் இல்லைத்தானே."

நாலு வருஷமாக நான் அவருக்குச் சொல்லிவந்த அதே வசனம். அதே குரல். வாங்கிப் பார்த்தபோதுதான் எவ்வளவு புளிப்பு என்று தெரிந்தது.

அடுத்த கிழமை வேலி இந்தப் பக்கம் வந்தது. மரம் அந்தப் பக்கம் போனது.

மட்டையை நான் திருப்பி அனுப்பவில்லை. அதன்மேல் ஒரு பிழையும் இல்லை, சொன்னபடியே பொறுத்துக்கொள்கிறது. விடிய எழும்பிப் பத்துப் பந்து அடிக்கிறேன். இப்போது நல்ல தூரம் போகிறது.

எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அளப்பதில்லை.