கட் அண்ணையின் லண்டன் வசனங்கள்

மனிதர்களை நிம்மதியாகச் சண்டை போட விடாத ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் கட் அண்ணைதான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கனடாவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸில், எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தங்கையோடு இருந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் அவருக்கும் எனக்கும் வேலை. வேலைக்கு என் காரில்தான் வருவார்.

ஒருநாள் காரில் எனக்கும் மனைவி வாசுகிக்கும் வாக்குவாதம். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"கட்! தங்கச்சி, முதல் வசனம் அருமை. அதோட நிப்பாட்டியிருந்தா இவன் செத்தான். மிச்சமெல்லாம் வீண்."

வாசுகி திகைத்துப்போனாள். "இதைச் சொல்ல நீங்கள் ஆர், அண்ணை?"

"நான் லண்டனில தொலைக்காட்சிக்குக் கதை வசனம் எழுதினனான். படமும் எழுதினனான்."

சாப்பாட்டுத் தட்டில் பாண் துண்டு அடுக்குகிறவர் லண்டனில் படம் எழுதினாராம்! நாங்கள் நம்பவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அங்கே அவரை எப்போதும் பலசரக்குக் கடைக்காரர் பாத்திரம் எழுதத்தான் கூப்பிடுவார்களாம்.

"ஒருக்கா நீதிபதி எழுதினன். கடைக்காரனா மாத்தச் சொன்னாங்கள். மாத்தினன். நீதிபதி வேலையை விட்டுட்டுக் கடை திறக்கிறார். கடைக்குள்ளேயே வழக்கு விசாரிக்கிறார்!"

"பேந்து என்ன நடந்தது?"

"பேந்தென்ன, என்னைக் கூப்பிடேல்லை."

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய பிரிட்டிஷ் படம் ஒன்று ஓடியது. "இது என்ர படம்!" என்று கட் அண்ணை துள்ளினார். முடிவில், திரைக்கதை என்ற இடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் கண்சிமிட்டும் நேரம் நின்று மறைந்தது. சிக்கல் என்னவென்றால், அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. வாசுகி விடவில்லை.

"அண்ணை, வேலை அட்டையைக் காட்டுங்கோ."

காட்டினார். அதே பெயர்! வாசுகி எழுந்தே நின்றுவிட்டாள்.

அந்த மதிப்பில்தான் என் தம்பி ரவி அவரிடம் போனான். பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஒரு பெண்ணை விரும்பினான். தன் அப்பா சம்மதிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். கட் அண்ணை வசனம் எழுதி, பாடமாக்கவைத்து, பெண் கேட்கத் தானும் எங்களோடு வந்தார்.

பெண்ணின் அப்பா மட்டக்களப்புக்காரர். அன்பாகத்தான் தொடங்கினார். "மனே, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?"

ரவி விறைப்பாக எழுந்தான். "உங்கட மகளின்ர கண்ணில ஒரு துளி தண்ணி வர விடமாட்டன்!"

"கட்!" என்று கத்தினார் கட் அண்ணை. "அது ரெண்டாம் பக்கம்!"

அப்பாவின் முகம் கறுத்தது. "இவர் ஆரு?"

கட் அண்ணை எழுந்தார். "பிழை என்ர, ஐயா. பொடியன்ர வாயில என்ர வசனத்தைத் திணிச்சிட்டன். நான் வெளியில நிக்கிறன். அவனை அவன்ர பாட்டில கதைக்க விடுங்கோ."

மேல்கோட்டைக்கூட எடுக்காமல் பனிக்குள் போய்விட்டார்.

ரவிக்கு நாக்குழறியது. "மாமா... எனக்குச் சரியான பயமா இருக்கு. அவ இல்லாட்டி இன்னும் பயமா இருக்கும்."

அப்பா அவனையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சீனியப் போட்டுக் குடு, மகள்," என்றார்.

நான் வெளியே ஓடினேன். கட் அண்ணையின் புருவமெல்லாம் பனி.

"என்னவாம்?"

"ஓமாம், அண்ணை."

"பொடியன் என்ன சொன்னவன்?"

சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சினார். விறைத்துப்போயிருந்த அவருடைய கைகளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். தேத்தண்ணி வரும்வரை அந்தக் கைகளை நான் விடவில்லை.