அன்சார் பாயின் உயிர் இருந்த கிளி

லேசாகப் பயந்தவன் கோயிலுக்குப் போவான். நடுத்தரமாகப் பயந்தவன் ஜோசியரிடம் போவான். ரொம்பப் பயந்தவன் மார்க்கெட்டிங் வகுப்புக்குப் போவான். நான் மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்தவன்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் எங்களுக்கு ஒரு அப்பர் யூனிட் இருந்தது. ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து, அடிப்பாகம் ஒட்டும் பெரிய கம்பெனிக்குக் கொடுப்போம். ஷெட்டுக்குள் என் மனைவி கலாவின் ராஜ்ஜியம். மெஷின், நூல், தைக்கிற பெண்கள் எல்லாம் அவள் பொறுப்பு. வெளியே போய் ஆர்டர் பிடிப்பது என் பொறுப்பு. (பிடிப்பது என்றால், தானாக வந்து மடியில் விழுந்ததைக் கீழே போடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது.) பல வருஷமாக மடியில் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஆள்தான், ஷூ கம்பெனி அன்சார் பாய்.

வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கிய ஒரு வருஷம், பாய் எங்களையும் பேரணாம்பட்டில் இருக்கும் இன்னொரு யூனிட்டையும் கூப்பிட்டார். "இந்த சீசனுக்கு ஒரே மாடல். வெள்ளை ஷூ. ஆளுக்கு ஒரு சாம்பிள் கொண்டாங்க. எது நல்லா கீதோ அவுங்களுக்கு முழு வேலையும்" என்றார். இன்னொருவர் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கலா அலட்டிக்கொள்ளவில்லை. "சாம்பிள நான் பாத்துக்கறேன். நீங்க போயி பாய் மேசைல வெச்சிட்டு, வாய மூடிக்கினு ஒக்காருங்க. அது போதும்" என்றாள்.

எனக்கு அது போதவில்லை. பயந்தவனைச் சும்மா உட்காரச் சொல்வது, விக்கல் எடுப்பவனை விக்காதே என்று சொல்வது மாதிரி.

சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் வகுப்பு. 'ராட்சசனும் கிளியும்: விற்பனையின் மந்திரம்' என்று பேனர். பயிற்சியாளர் அந்த வேலூர் வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். ஒரு மனிதர் இட்லி மாதிரி வேகிறதைப் பார்த்தும் நான் அவர் சொன்னதை நம்பினேன்.

"ஏழு கடல் தாண்டி ஒரு குகை. குகையில ஒரு கூண்டு. கூண்டுல ஒரு கிளி. அந்தக் கிளியிலதான் ராட்சசனோட உயிர். யாரு அந்த ராட்சசன்?" என்று கேட்டார்.

பதிலையும் அவரே சொன்னார்.

"உங்க கஸ்டமர். பொருளைக் காட்டாதீங்க, பயணத்தைக் காட்டுங்க. ஒவ்வொரு கடலா தாண்ட வைங்க. கடைசியில அவரோட உயிர் எந்தக் கிளியில இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதைத் தொடுங்க. ஆர்டர் உங்களுது."

பக்கத்து நாற்காலியில் வாட்டர் கேன் வியாபாரம் செய்பவர் ஒருவர் கை தூக்கினார். "சார், என் கஸ்டமருக்குக் கேன் லேட்டா வந்தா கோவம் வரும். இதுல கிளி எங்க சார்?" அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கூடத்திலேயே புத்தி உள்ள ஆள் அவர்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளே கிளியைத் தேடக் கிளம்பினேன். ரொம்பத் தூரம் போகவில்லை, கம்பெனி வாசல் டீக்கடை வரைதான். பாயின் டிரைவருக்கு ஒரு டீயும் ரெண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். "பாய்க்கு உசுரே அவரு புள்ள நதீம்தான். கனடால கீறான். வந்து கம்பெனியப் பாருடான்னு கூப்ட்டுக்கினே கீறாரு, அவன் வர மாட்டேங்கறான்" என்றார். கிளி கிடைத்துவிட்டது.

அடுத்து கடல்கள். கலா தைத்து முடித்த வெள்ளைச் சாம்பிளை வெள்ளைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. பன் பொட்டலம் மாதிரி இருந்தது. பீரோவைத் திறந்தேன். நம் வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் பிட்டுகள் இருக்கின்றன அல்லவா? யாரும் தைத்துப் போடாமல் விசேஷத்துக்கு விசேஷம் வீடு மாறுமே, அவை. அதில் ஏழு நிறம் பொறுக்கினேன். ஒரு துணிக்கு ஒரு கடல். உள்ளே ஷூவை ஒட்டினாற்போல் கிளிப்பச்சை. வாசனை மனதைத் திறக்கும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தாரே என்று தாராளமாகப் பன்னீர் தெளித்தேன். மூட்டையை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு, உச்சி வெயிலில் கிளம்பினேன்.

பாயின் அறையில் அவரோடு குவாலிட்டி மேனேஜர் தியாகராஜன் இருந்தார். பேசினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல இருக்கும் மனிதர்.

மூட்டையை மேசையில் வைத்தேன். "பாய், இது ஷூ இல்ல."

"பின்ன இன்னாது?"

"ஒரு பயணம்."

பாய் தியாகராஜனைப் பார்த்தார். நான் முதல் துணியைப் பிரித்து முதல் கடலைத் தாண்டினேன். இரண்டாவது கடலில் புயல் வைத்தேன். மூன்றாவதில் பாய் கடிகாரம் பார்த்தார். ஐந்தாவதில் தியாகராஜன் போனை எடுத்தார். ஆறாவதில் நான் என்ன வைத்திருந்தேன் என்பதே மறந்து, மறுபடியும் புயலை வைத்தேன். கடைசித் துணி மட்டும் பாக்கி.

"அங்க ஒரு கூண்டு பாய். கூண்டுல ஒரு கிளி. அதுலதான் ராட்சசனோட உசுரு."

"எனக்கும் தெரியும்பா அந்தக் கதை" என்றார் பாய். "அப்புறம் ராஜகுமாரன் போயி கிளி கழுத்தத் திருகிடுவான்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வகுப்பில் கதை கழுத்து வரைக்கும் வரவில்லை, அதற்குள் சமோசா வந்துவிட்டது. ஆனால் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்ததற்கு பிரேக் கிடையாது.

"உங்க உசுரு எந்தக் கிளில இருக்குன்னு எனக்குத் தெரியும் பாய். கனடால கீது."

பாய் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"இன்னா சொன்னே?"

"நதீம் தம்பி, பாய்."

"என் புள்ளைய இன்னா பண்றதா கீறே?"

"ஐயோ, ஒண்ணும் பண்ண மாட்டேன் பாய். ஆர்டர் குடுத்தீங்கன்னா..." (நிஜமாகவே இப்படித்தான் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் உடனே உள்ளே வைப்பார்கள்.)

"அப்ப ராட்சசன் யாரு? நானா?"

பேச்சை மாற்றினால் போதும் என்று கடைசித் துணியை உருவினேன்.

வெள்ளைத் தோலை வெள்ளைத் தாளில்தான் சுற்ற வேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும், இருபது வருஷமாக. பன்னீரும் வெயிலும் சேர்ந்து ஜாக்கெட் பிட்டின் சாயத்தைத் தோலுக்குள் இறக்கிவிட்டிருந்தன. மேசை மேல் பச்சைப் பச்சையாகத் திட்டுகளோடு அது உட்கார்ந்திருந்தது.

தியாகராஜன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "கிளியே வந்துட்ச்சு பாய்."

"புது ஷேடு" என்று சொல்லிக்கொண்டே கர்ச்சீப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். பச்சை, நுனி வரை பரவியது.

பாய் அதை என் கையிலிருந்து வாங்கினார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்திலும் நகம் தடுக்கவில்லை.

"கலாம்மா தச்சதா?"

"ஆமா பாய். இன்னொண்ணு தச்சிக் கொண்டாந்துடறேன். ரெண்டே நாளு."

"இன்னா சேகரு நீ, ஷூ வாங்கற பார்ட்டி நாளைக்குக் காலைல வர்றான். அவன் முன்னாடி நான் எத வெக்கறது? பேரணாம்பட்டு தையலு சுமார்தான். ஆனா வெள்ளையா கீது." பெல் அடித்தார். "டீ சாப்ட்டுப் போ."

முழு டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை.

கலா ஷூவைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சுத்திக் குடுத்த தாளு எங்க?"

"வீட்டு மேசை மேலயே இருக்கு."

"மடிச்சு வைங்க. அடுத்த சாம்பிளுக்கு ஆவும்."

அடுத்த சாம்பிள் வரவில்லை. தைத்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனி வேன்களில் ஏறினார்கள். மெஷின்கள் போன பிறகு ஷெட்டை யாரோ அட்டைப்பெட்டிக் குடோனாக எடுத்துக்கொண்டார்கள். கலாவை அன்சார் பாயே கூப்பிட்டுத் தன் சாம்பிள் ரூம் பொறுப்பைக் கொடுத்தார். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறாள். நான் ஒரு கெமிக்கல் கடையில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்கிறேன். அங்கே யாரிடமும் எதையும் பேசிப் புரியவைக்க வேண்டியதில்லை.

நதீம் கனடாவிலிருந்து வந்துவிட்டான். (நான் காரணம் இல்லை.) ரம்ஜான் விருந்துக்குப் பாய் எங்களைக் குடும்பத்தோடு கூப்பிடுவார். என்னைக் கண்டதும் தன் பக்கத்தில் இருக்கிறவர்களிடம், "இவருதான் அந்த ஆளு" என்பார். உடனே நதீம் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, விட்ருங்கண்ணே" என்பான். பந்தியே சிரிக்கும். வருஷா வருஷம் இது நடக்கிறது. நானும் கொஞ்சம் கழுத்தைத் திருகுகிற மாதிரி நடித்துக் காட்டுவேன். இப்போது நன்றாகவே வருகிறது.

கலாவும் சிரிப்பாள். என் பக்கம் திரும்பாமல்.