ஒசாகாவுக்குப் பன்னிரண்டு பேர்

"கோட்டையில படி ஜாஸ்தியாமே" என்றார் ஒனுமா சான், தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி. "எனக்கு முட்டி வேற, இந்தக் குளிர்ல..."

கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

இகராஷிக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து இவர் மூன்றாவது ஆள். சபாயே நகரில், மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் முதலாளி ஹொத்தாவையும் சேர்த்து மொத்தமே பன்னிரண்டு பேர்தான். அந்தப் பன்னிரண்டு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி ஒசாகாவுக்குக் கூட்டிப் போய், வழிகாட்டியோடு நாலு இடம் சுற்றிக் காட்டி, முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதற்கு இத்தனை முட்டுக்கட்டையா?

வருஷா வருஷம் நவம்பரில் சுற்றுலா ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது முதலாளியின் அப்பா வகுத்துவிட்டுப் போன சட்டம். தொழிற்சாலையைத் தொடங்கியவர் அவர்தான். காலமாகிப் பல வருஷமாகியும், முதலாளியின் நாற்காலிக்கு மேலே படத்தில் இருந்தபடி எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். ஏற்பாட்டுப் பொறுப்பு எப்போதும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் தலையில் விழும். இந்த வருஷத் தலை இகராஷியுடையது.

வசந்தத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்.

"இப்போதைக்குத் தற்காலிகம்தான். நவம்பர் சுற்றுலா விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசுவோம். இங்க இருக்கிற எல்லாருமே அந்தப் பொறுப்பைத் தாண்டித்தான் உள்ள வந்தாங்க."

இகராஷி அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டான். நகோயாவில் அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி சயோரிக்கு ஜனவரியில் பிரசவம். மாமனார் ஒவ்வொரு வாரமும் போன் செய்து, மகளின் உடம்பை விசாரித்துவிட்டு, "மாப்பிள்ளை இன்னும் தற்காலிகம்தானா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே "சரி சரி" என்பார். அந்த 'சரி சரி'யைத்தான் இகராஷியால் தாங்க முடியவில்லை.

ஆகவே இந்தச் சுற்றுலா நடந்தே தீரும். பழைய கம்பெனி மூழ்கினாலும், அங்கே நடத்திய பயிற்சி வகுப்பு ஒன்று மட்டும் அவனுக்குள் மிதந்துகொண்டிருந்தது: எந்தப் பிரச்சினையையும் பிரச்சினையாகத் திருப்பிக் கொடுக்காதே, தீர்த்துக் கொடு. அவன் பிரயாண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒசாகா கோட்டைக்குள் லிஃப்ட் இருப்பதை உறுதி செய்துகொண்டான். போதாக்குறைக்கு ஒரு சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைத்தான்.

"படியே ஏற வேண்டாம் ஒனுமா சான். உங்களை உட்கார வச்சே மேல கொண்டுபோயிடலாம்."

"அப்படியா. நல்ல ஏற்பாடுதான்" என்றார் ஒனுமா சான். கையிலிருந்ததைத் தொலைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். சக்கர நாற்காலி என்றதும் கூச்சப்படுகிறார் போலும் என்று இகராஷி நினைத்துக்கொண்டான்.

அடுத்து மேஸ்திரி முரோய். கடைசல் எந்திரத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்து, அதைப் போலவே பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவராக வந்து, "பஸ்ஸுன்னா எனக்குக் கொஞ்சம்..." என்று வயிற்றைத் தடவிக் காட்டினார்.

இகராஷி விடவில்லை. அவருக்கு முதல் வரிசையில் ஜன்னலோரம் இடம் பிடித்தான். வயிற்றைப் புரட்டாமலிருக்க மாத்திரை வாங்கினான். வழியில் இருக்கும் எல்லா இளைப்பாறும் இடத்திலும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னான். அத்தனை இடத்தில் நிறுத்தினால் ஒசாகா போய்ச் சேர மத்தியானமாகிவிடும் என்றார்கள். அப்படியென்றால் விடியும் முன்பே கிளம்பலாம் என்றான்.

"நீங்களும் உங்க காலத்துல இந்தப் பொறுப்பைப் பார்த்தவர்தானே? அப்போ எந்தெந்த இடம் பார்த்தீங்க?" என்று முரோயிடம் கேட்டான், ஏதாவது யோசனை கிடைக்குமென்று.

முரோய் நெற்றியைச் சொறிந்தார். "ஒசாகா பெரிய ஊரில்லையா" என்று சொல்லிவிட்டு எந்திரத்தை ஓட விட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை.

விடியும் முன் கிளம்புவது என்றானதும் பொட்டலம் கட்டும் பிரிவின் இநாபா சான் வந்தார். தன் பூனைக்கு வயசாகிவிட்டதாகவும், காலையில் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அது சாப்பிடாது என்றும், தன்னால் எல்லோருக்கும் தொந்தரவாகிவிட்டதே என்றும் தலைகுனிந்து சொன்னார். இகராஷிக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. பூனையைத் தன் வீட்டில் விடச் சொன்னான். பழகட்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே கூடையோடு தூக்கி வந்துவிட்டான்.

வந்த பூனை முதல் காரியமாக, மாமனார் பிறக்கப்போகும் குழந்தைக்கு அனுப்பியிருந்த மெத்தையை நார் நாராகக் கிழித்தது.

"ஏங்க, நீங்க திருகாணி கம்பெனிக்கு வேலைக்குப் போறீங்களா, இல்ல ஊர்ப் பூனைக்கெல்லாம் சேவகம் பண்ணப் போறீங்களா?" என்றாள் சயோரி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

"ஒரு நாள் சுற்றுலா சயோரி. ஒரே ஒரு நாள். இந்த ஜனங்களுக்கு என்னதான் வேணும்? நான் ஒண்ணைச் சரி பண்ணினா அடுத்தவர் ஒண்ணோட வர்றார். கூடிப் பேசி வச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"சந்தோஷமா ஊர் சுத்தப் போறவங்க மாதிரியா இருக்கு அவங்க பேச்சு?"

"கூச்சப்படறாங்க. அடுத்தவங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு பார்க்கறாங்க. அந்தக் கஷ்டத்தை நான் வாங்கிக்கிட்டா வேலை முடிஞ்சுது."

பூனை சயோரியின் மடியில் ஏறப் பார்த்து, அங்கே இடமில்லாததைக் கண்டு இகராஷியின் மடியில் ஏறி, பேண்டில் நகத்தை ஊன்றியது.

பிறகு முதலாளியே ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "அந்த ஞாயிற்றுக்கிழமை மழை வரும்போல இருக்கே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இகராஷி கோட்டைப் பூங்காவை எடுத்துவிட்டுக் கூரை போட்ட கடைவீதியைப் போட்டான். துறைமுகத்து மீன் காட்சிசாலையைச் சேர்த்தான். பன்னிரண்டு பேருக்கும் மழைக்கோட்டு வாங்கினான்.

"மீன் காட்சியா" என்று முதலாளி அப்பாவின் படத்தை ஏறிட்டார். "அப்பாவுக்கு மீன்னா தட்டுல இருக்கணும்."

இகராஷி அன்றே மத்தியானச் சாப்பாட்டைச் சுட்ட மீனுக்கு மாற்றினான். பிரயாண அலுவலகப் பெண் இப்போதெல்லாம் அவன் குரலைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வணக்கம் சொன்னாள்.

கடைசி வாரம் திங்கட்கிழமை இடி விழுந்தது. தோக்கியோவிலிருந்து அவசர ஆர்டர், அடுத்த திங்கள் காலைக்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும். ஞாயிறும் எந்திரம் ஓடினால்தான் முடியும். முதலாளி எல்லோரையும் அப்பாவின் படத்துக்குக் கீழே கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"வருத்தமா இருக்கு. இகராஷி சான் இவ்வளவு பாடுபட்டிருக்கார். ஆனா ஆர்டர்னு வந்துட்டா என்ன பண்றது? மனசு கனத்துப்போய்ச் சொல்றேன்..."

ஒனுமா சான் கைக்குட்டையை எடுத்தார். இநாபா சான் "ஐயோ பாவம்" என்று முணுமுணுத்தார். முரோய், வாழ்க்கையில் முதல் முறையாக, இகராஷியின் தோளைத் தட்டினார். எவ்வளவு நல்ல மனிதர்கள், இவர்களைப் போய்த் திட்டினேனே என்று இகராஷி தன்னையே நொந்துகொண்டான். இந்த நல்லவர்களை ஏமாற விடக்கூடாது.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத் தோக்கியோவுக்குப் போன் போட்டான்.

எதிர்முனையில் இருந்தவருக்கு அவன் வளைந்து வளைந்து வணங்கியது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வணங்கினான். கெஞ்சினான். நிறுவனரின் பெயரைச் சொன்னான், பிறக்காத குழந்தையைக்கூட ஒரு தடவை இழுத்தான். கடைசியில் போனை வைத்துவிட்டு, வியர்த்த முகத்தோடு திரும்பினான்.

"புதன்கிழமை அனுப்பினா போதும்னு ஒத்துக்கிட்டாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "இகராஷி சான், நீங்க ரொம்ப மெனக்கெடறீங்க" என்றார் தாழ்ந்த குரலில். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே இகராஷி முடிவு கட்டினான். வீட்டுக்குப் போய்ச் சயோரியிடம் சொன்னான். அவள் அப்பாவிடம் சொன்னாள். மாமனார் முதல் முறையாக ஒரே ஒரு 'சரி'யோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமை பிரயாண அலுவலகப் பெண் அழாக்குறையாகப் போன் செய்தாள். அவர்களுக்கென்று அமர்த்தியிருந்த வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். இந்தச் சமயத்தில் வேறு வழிகாட்டி கிடைப்பது குதிரைக் கொம்பாம்.

செய்தியைக் கேட்டதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு.

"வழிகாட்டி இல்லாம அப்பா ஒரு தடவைகூடப் போனதில்லை. அப்பாவை நான் மீற முடியுமா?" என்றார்.

"மீற வேண்டாம் முதலாளி" என்றான் இகராஷி. "நானே வழிகாட்டியா வர்றேன்."

தட்டு நிறையத் திருகாணியோடு வந்துகொண்டிருந்த முரோயின் கையிலிருந்து தட்டு நழுவியது. கடுகு கடுகாகத் திருகாணிகள் தரையெங்கும் ஓடின. பன்னிரண்டு பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். எல்லோரும் குனிந்திருந்ததால் யார் முகத்தில் என்ன இருந்தது என்று இகராஷிக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் ஒசாகாவின் வரலாற்றை உருப்போட்டான். கோட்டையைக் கட்டியவர், எரித்தவர், மறுபடி கட்டியவர், எந்தக் கடைவீதியில் எந்தப் பலகாரம், எந்தப் பாலத்தில் நின்றால் படம் நன்றாக விழும் என்று எல்லாவற்றையும் சயோரியிடமும் பூனையிடமும் ஒப்பித்தான். பூனை நடுவிலேயே எழுந்து போயிற்று. சயோரி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள், எழுந்திருப்பது சிரமமாக இருந்ததால். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு வரும் போன் வீணாகப் போகக்கூடாதே என்று அதையும் தன் கைபேசிக்குத் திருப்பி வைத்தான்.

ஞாயிறு. இருட்டு பிரியவில்லை, மழையும் இல்லை. பன்னிரண்டு பேரும் குறித்த நேரத்துக்கு வந்து வரிசையாக ஏறினார்கள். முரோய் கையில் வாந்திப் பையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒனுமா சான், மடித்து வைத்த சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பஸ் தெற்கே திரும்பியது. இளைப்பாறும் இடம் ஒன்றைக்கூட விடாமல் நின்று நின்று போனார்கள். சுருகா ஊரைத் தாண்டும்போது வானம் வெளுத்தது. இகராஷி ஒரு கையில் சின்ன மஞ்சள் கொடியும் மறு கையில் மைக்குமாக முன்னால் நின்று, கோட்டை எரிந்த கதையை உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் கை தட்டவில்லை. கூட்டமாக ஒரு சாவுக்குப் போகிறவர்கள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பாடுபட்டவனுக்கு ஒரு சிரிப்புக்குக்கூடவா பஞ்சம் என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்போது கைபேசி அடித்தது. தொழிற்சாலைக்கு வந்த அழைப்பு. கொடியையும் மைக்கையும் வைக்க இடமில்லாமல், ஒலிபெருக்கியை அழுத்திச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, "ஹொத்தா தொழிற்சாலை, சொல்லுங்க" என்றான். மைக்கும் பக்கத்திலேயே இருந்ததால் எதிர்முனைக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. நடுத்தர வயதுப் பெண்ணின் கலகலப்பான குரல். அதைக் கேட்டதுமே முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மிகுனி துறைமுகத்து நண்டுச் சாப்பாட்டு விடுதியிலேருந்து பேசறேங்க. இந்த வருஷமும் சுற்றுலா நின்னுபோன துக்கத்தை ஆத்திக்க மத்தியானம் பன்னெண்டு பேரும் வந்துடுவீங்கன்னு உங்க முதலாளி ஜனவரியிலேயே இடம் போட்டு வச்சிருக்கார், எல்லாம் தயார். வழக்கம்போல சுற்றுலாவை நிறுத்திக் குடுத்து வேலை நிரந்தரமாகிற அந்தப் புது ஆளோட பேரை மட்டும் சொன்னீங்கன்னா, நடு இடத்துல அவருக்கு வைக்கிற அட்டையில எழுதிடுவேன்."