கையாலானதும் கையாலாகாததும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இல்லை. அதைத்தான் உங்கள் தங்கை தினமும் தொலைபேசியில் நான் கேட்காமலே சொல்லிவிடுகிறாள். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் நல்ல காற்று வாங்கலாம் என்று நீங்கள் கூப்பிட்டதால் உங்கள் தோட்டவீட்டுக்கு மனைவியோடு வந்தேன். திரும்பும்போது மனைவிக்குப் பதிலாக ஒரு ஜாடி புளித்த மாவோடு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. தயவுசெய்து மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு உங்கள் தங்கையை அனுப்பவும். கடிதம் இவ்வளவுதான். இதற்குக் கீழே இருப்பதெல்லாம் காரணங்கள்.

முதல் காரணம் உங்கள் வாசல் பலகை. மூன்று மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வந்த பஸ் வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அந்த நிலையில் இறங்கி ஓடிவந்தவன் கண்ணில் முதலில் பட்டது, மரப்பலகையில் நீங்களே செதுக்கிய வாசகம்: 'இங்கே அவசரத்துக்கு இடமில்லை.' ஒரு பாடநூல் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்பேன். உங்களையும் கேட்டேன். "அவசரம்னா எங்கே போறது மச்சான்?" நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டு, "இங்க வந்துட்டா யாருக்கும் அவசரமே வராது மாப்பிள்ளை, அதான் இந்த இடத்தோட மகிமை" என்றீர்கள். கடைசியில் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் கைகாட்டியது உங்கள் தங்கைதான். அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. அதற்குப் பதில் மேலே தூவ ஒரு வாளி மரத்தூள் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு சின்ன அட்டை கட்டித் தொங்கியது: 'கையாலானது.' எது கையாலானது, மரத்தூளா, வாளியா, கொட்டகையா என்று ஆராயும் மனநிலையில் நான் அப்போது இல்லை.

அந்த அட்டையைப் பிறகு எல்லா இடத்திலும் பார்த்தேன். மேஜையில், மெழுகுவத்தியில், சோப்பில், தலையணையில். இருபது வருடம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பிடுங்கிய மனிதர், திடீரென்று கிளினிக்கை மூடிவிட்டு, தன் கையால் செய்ததைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறார், எடுக்கட்டும். ஆனால் எனக்குப் போட்ட முக்காலியையும் நீங்களே செய்ததாக யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சூப்புக் கிண்ணத்தைக் கையில் வாங்கி உட்கார்ந்தேன். ஒரு கால் கழன்றது. நான் தரையில், சூப்பு என் மேல். ஓடிவந்து தூக்குவீர்கள் என்று பார்த்தால், கழன்ற காலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேர் நல்லாத்தான் இருக்கு, ஈறுதான் இளகிடுச்சு" என்றீர்கள். உங்கள் தங்கை சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் எதையும் மறப்பவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக் குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கச் சொன்னீர்கள். இறுக்கினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு உங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை நல்லா படிச்சவர்தான், ஆனா கையாலாகாதவர்" என்றீர்கள். அன்று நீங்கள் பல் மருத்துவ மாணவர். உங்கள் பல்வரிசையில் எதை முதலில் தட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் மேஜையில் எந்தக் காயும் சும்மா வந்து உட்காருவதில்லை; வாழ்க்கை வரலாற்றோடு வருகிறது. "இந்தக் கேரட் நேத்து சாயங்காலம் வரைக்கும் மண்ணுக்குள்ள இருந்தது மாப்பிள்ளை" என்றீர்கள். நேற்று சாயங்காலம் வரைக்கும் நான் ஆபீஸுக்குள் இருந்தேன், அதை யாராவது பக்தியோடு சொன்னார்களா? வெண்ணெய் எந்த மாட்டினுடையது, அந்த மாட்டின் சுபாவம் எப்படி, எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் தொட முடிந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த உங்கள் இன்னொரு விருந்தாளி, அந்த வங்கி மேலாளர், கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மென்று முடித்து, "இந்த ரொட்டி என்கூட பேசுது சார்" என்றார். பாவம், வங்கியில் அவரோடு யாரும் பேசுவதில்லை போலிருக்கிறது. நானும் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். மேலோட்டில் பல் பட்ட உடனே ஒன்று புரிந்தது: நீங்கள் தொழிலை விடவில்லை, வேறு வழியில் ஆள் பிடிக்கிறீர்கள்.

என் வாய் நிறைய ரொட்டி இருக்கும்போதுதான் நீங்கள் கேள்வி கேட்டீர்கள். அது உங்கள் பழைய பழக்கம்; நோயாளி வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, பையன் எந்தக் காலேஜில் படிக்கிறான் என்று விசாரிப்பீர்கள். "எப்படி இருக்கு மாப்பிள்ளை? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றீர்கள். நான் தலையாட்டினேன். விடவில்லை. "வாயால சொல்லுங்க" என்றீர்கள். விழுங்கினேன். உங்கள் தொல்லை ஒழியட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னேன்: "பிரமாதம்."

இதுதான் மச்சான், இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து நீங்கள் பிடுங்கினீர்கள், மயக்க ஊசிகூடப் போடாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ராத்திரி படுக்கும்போது கேட்டாள், "உங்களுக்கு அந்த வார்த்தை தெரியுமா?"

"எந்த வார்த்தை?"

"பிரமாதம். இத்தனை வருஷமா நானும்தான் மூணு வேளை சமைச்சுப் போடறேன். நீங்க புரூஃப் தாளைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவீங்க, தட்டைப் பாத்ததே இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?"

"அதான் சாப்பிடறேனே, அப்புறம் என்ன?" என்றேன். இதில் என்ன தவறு? என் தொழிலையும் அவளுக்கு விளக்கினேன். நான் பிழை இருக்கும் இடத்தில்தான் குறி போடுவேன். குறி இல்லாத பக்கம் சரியான பக்கம். நான் வாய் திறக்காத சாப்பாடு அத்தனையும் நல்ல சாப்பாடு என்பது, கொஞ்சம் யோசித்தால், எவ்வளவு பெரிய பாராட்டு! "அப்போ உப்பு கம்மின்னு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?" என்றாள். "அது பிழை" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். உங்கள் கையாலான தலையணை ராத்திரி முழுக்க என் காதைக் குத்தியது.

மறுநாள் காலை பிரம்பு பின்னும் வகுப்பு. எல்லோரும் ஆளுக்கொரு கூடை பின்ன வேண்டும். உங்கள் இடத்தில்தான் அவசரத்துக்கு இடமில்லையே, அதனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மெள்ள மெள்ள வரும் என்றார்கள். நான் சுற்றுப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். விரல் கிழிய நன்றாகவே வந்துகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் கோழி மேய்வது தெரிகிறது. வங்கி மேலாளரின் மனைவி, "கூடை அழகா இருக்கு, ஆனா அடி இல்லையே?" என்றார். உங்கள் தங்கை பின்னிக்கொண்டிருந்ததை விட்டுத் தலையைத் தூக்காமலே, "அடி கூடைக்கு இல்ல, பின்னறவருக்குத்தான் குடுக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோழிகள்கூட. நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கூடையைக் கவிழ்த்துக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே எரியும் பல்பைச் சுற்றித் தொங்கவிட்டீர்கள். அதோடு ஓர் அட்டையும். அதில் 'கையாலனது' என்று எழுதியிருந்தது. ஒரு கால் குறைகிறது. லகரத்துக்குப் பக்கத்தில் துணைக்கால் எங்கே? உங்கள் வீட்டில் முக்காலியிலும் கால் நிற்பதில்லை, எழுத்திலும் கால் நிற்பதில்லை. என்னைக் கையாலாகாதவன் என்று சொல்லவும் வேண்டும், அதையும் பிழையில்லாமல் எழுதத் தெரியக்கூடாது. அந்த அட்டையையும் கூடையையும் உடனே இறக்கவும். இது என் இரண்டாவது கோரிக்கை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் செருப்பைப் போடவில்லை. "நீங்க போங்க. நான் பின்னக் கத்துக்கிட்டு ஒரு வாரத்துல வர்றேன்" என்றாள். நீங்களாவது, "போம்மா, மாப்பிள்ளை தனியா என்ன செய்வார்" என்று சொன்னீர்களா? உள்ளே போய் அந்த ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தீர்கள். ரொட்டிக்கு மூலமான மாவாம், பெயர் தாய்மாவாம், உயிருள்ளதாம், தினமும் சாப்பாடு போட வேண்டுமாம். என் மகளுக்குத் தாய்மாமன் நீங்கள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்குத் தாய்மாமன் கொடுத்த சீர் இந்தத் தாய்மாவு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். உங்கள் தங்கை தினமும் போன் செய்கிறாள். எடுத்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு" என்று நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னால், "உங்களைக் கேக்கல, மாவைக் கேட்டேன்" என்கிறாள். ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். "அப்பா, அதை மட்டும் சாகடிச்சுடாதீங்க. அம்மா உங்களுக்கு வெச்ச பரீட்சை அது" என்றாள். பரீட்சை என்றால் நான் விடுவேனா? வேளை தவறாமல் மாவும் தண்ணீரும் போட்டு, காற்றுப் படாமல் மூடியை இறுக்கி, என் மேஜையிலேயே வைத்தேன். குழாயை இறுக்கத் தெரியாதவன் என்று சொன்னீர்களே, மூடியை எப்படி இறுக்கியிருந்தேன் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜாடி வெடித்தது. ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் புரூஃப் மேலே மாவு. அதுவும் செரிமான மண்டலம் இருந்த பக்கத்தில். கீழ்வீட்டுப் பொறியாளர் பனியனோடு ஓடிவந்து, "மேல என்ன சார் வெடிச்சுது?" என்றார். "தாய்மாவு" என்றேன். "அய்யோ, எப்போ? உடம்பு சரியில்லாம இருந்தாங்களா?" என்று துக்கம் விசாரித்துவிட்டுத்தான் போனார். மிச்சத்தைச் சுரண்டி வேறு பாத்திரத்தில் போட்டேன். அது சாகவில்லை. முன்னைவிட வேகமாகப் பொங்குகிறது. பாதியை எடுத்துக் கொட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வளர்த்த பிறகு கொட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போது வீட்டில் நான்கு பாத்திரங்கள் பொங்கிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் குடிக்கக் கிண்ணம் இல்லை.

ஆகவே மறுபடி சொல்கிறேன். ஒன்று, உங்கள் தங்கையை உடனே அனுப்பவும். இரண்டு, கூடையை இறக்கவும். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு. வங்கி மேலாளரோடு ரொட்டி இன்னும் பேசுகிறது என்று நம்புகிறேன். கோழிகளுக்கு என் விசாரிப்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடும், முடிந்தால் கொஞ்சம் அவசரத்தோடும், வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். பாத்திரங்கள் நான்கும் வழிந்ததால் வேறு வழியில்லாமல் இன்று ஒரு ரொட்டி சுட்டேன். நானேதான். கையில் இரண்டு இடத்தில் சூடு. அன்றைக்குத் துக்கம் விசாரித்தாரே என்று கீழ்வீட்டுப் பொறியாளருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷர் பேப்பர் படித்துக்கொண்டே ஒரு துண்டு தின்றார். பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு துண்டு தின்றார். நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

"சார், ரொட்டி..." என்றேன்.

"ம்?"

"எப்படி இருக்குன்னு..."

"அதான் சாப்பிடறேனே சார்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படியேறி வரும்போது எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஒரு வார்த்தை, மச்சான்! காசா பணமா? விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து, கையைச் சுட்டுக்கொண்டு ஒருவன் கொண்டுவந்து வைத்தால் தலையை நிமிர்த்தக்கூடவா முடியாது? இப்படிப்பட்ட ஆளோடு அவர் வீட்டு அம்மா இத்தனை வருடம் எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ என்று

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன். மேலே 'அனுப்பவும்' என்று இருக்கும் இடங்களிலெல்லாம் 'அனுப்ப வேண்டாம்' என்று திருத்தி வாசிக்கவும். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நானே வருகிறேன். அவளுக்கு என்று பாதி ரொட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் நன்றாகக் கருகிவிட்டது. அதாவது இந்தத் தடவை அடி இருக்கிறது. கூடை அங்கேயே தொங்கட்டும். ரொட்டிக்கான அட்டையை நானே எழுதிக் கட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் எழுத வேண்டாம், துணைக்காலை விட்டுவிடுவீர்கள்.